இரவல் உடையும் சாதியின் கேள்வியும்: ஃபேஷன் ஸ்டைலிங் தொழிலுக்குள் மேலப்பாளையத்து இளைஞர் எப்படி நுழைவது?

திருநெல்வேலி மாநகராட்சியின் மேலப்பாளையம் மண்டலத்தைச் சேர்ந்த பட்டியலின இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு சட்ட உதவி கேட்டு எங்களிடம் வந்தார். சென்னையில் விளம்பரப் படப்பிடிப்புகளுக்கு உடை ஒருங்கிணைக்கும் ஸ்டைலிஸ்ட் ஒருவரிடம் எட்டு மாதங்கள் உதவியாளராக இருந்தவர் அவர். ஊதியம் என்று எதுவும் பேசப்படவில்லை. ஆட்டோக் கட்டணமும் மதியச் சாப்பாடும் மட்டுமே கிடைத்தன. ஒருநாள் படப்பிடிப்பு முடிந்து, கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஷெர்வானி ஒன்றின் பதக்கத்தைக் காணவில்லை. அன்று அந்த உடைகளைக் கையாண்டவர்கள் நான்கு பேர். விசாரிக்கப்பட்டவர் இவர் ஒருவர்தான். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். பதக்கம் மறுநாள் வேறொரு பெட்டிக்குள் கிடைத்தது. ஆனால், அடுத்த வேலைக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

அவர் எங்களிடம் முதலில் கேட்டது பணத்தை அன்று. எட்டு மாதங்கள் உழைத்ததற்குச் சான்றாக, வெளிவந்த விளம்பரங்களில் உதவியாளர் என்று தம் பெயர் இடம்பெற வேண்டும் என்றே கேட்டார். நாங்கள் அறிவிப்பு அனுப்பினோம். பயணச் செலவில் பாக்கியிருந்த சிறு தொகை வந்தது, பெயர் வரவில்லை.

இதை ஒரு தனிமனிதரின் மனத்தாங்கல் என்று கடந்துவிட இயலாது. பத்தாண்டுகளுக்கு முன்பு நம் பகுதி இளைஞர்கள் கேள்விப்பட்டிராத ஃபேஷன் ஸ்டைலிங், இன்று கைப்பேசி வழியாக அவர்களின் கனவுகளுள் ஒன்றாகிவிட்டது. அந்தத் தொழிலின் வாசலில் நிற்பது எது என்பதை நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

உடையை முடிவு செய்யும் அதிகாரம்

உடை வடிவமைப்பாளர் துணியை வெட்டி ஆடையாக்குகிறார். ஸ்டைலிஸ்டின் வேலை வேறு. ஏற்கெனவே உள்ள ஆடை, காலணி, அணிகலன் ஆகியவற்றிலிருந்து எதை யார் எப்படி அணிய வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். இந்த முடிவெடுக்கும் அதிகாரம்தான் நம் மண்ணில் நெடுங்காலமாகச் சாதியின் கையில் இருந்தது.

நெல்லைக்கு அண்டையிலிருந்த திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின் 1859 ஜூலை 26-இல் வெளியான அரச அறிவிப்பு, நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைவளித்தது. ஆயினும், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனையையும் அது சேர்த்தே விதித்தது. துணியைக் கொடுத்துவிட்டு, அதை உடுத்தும் பாணியை மறுத்த ஆணை அது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். தங்க, வெள்ளி நகைகள் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ உடுத்தக் கூடாது. சட்டையும் பனியனும் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலாடை அணியவோ பூச்சூடவோ கூடாது. குடையும் செருப்பும் கூடாது என்று அவை நீண்டன. ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். 1931-இல் அந்தத் தடைகள் பதினொன்றாயின.

நம் தாமிரபரணிக் கரையின் கதை இன்னும் கொடியது. தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களின் துணிகளை வெளுத்த புதிரை வண்ணார்கள் பகலில் கண்ணில் படவே கூடாதவர்களாக நடத்தப்பட்டதை, 1932-இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் வெளியுலகுக்குத் தெரிவித்தன. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் அவர்கள் வேலை செய்ய முடிந்தது. பிறருடைய உடையை அணியத் தகுந்ததாக்கிய உழைப்பாளிகளுக்கு, வெளிச்சத்தில் நிற்கும் உரிமைகூட இருக்கவில்லை. அவர்களுக்கெனத் தமிழ்நாட்டில் ஒரு நலவாரியம் அமைந்தது 2009-இல்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்பார்க்குச் சட்டமே விடையளிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 3(1)(இசட்ஏ), பட்டியலினத்தவர் பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. இருபத்தோராம் நூற்றாண்டின் நாடாளுமன்றம் புத்தாடை அணியும் உரிமையைத் தண்டனைச் சட்டத்தால் காக்க வேண்டியிருந்தது என்றால், அத்தகைய தடை இன்னும் நடப்பில் இருக்கிறது என்பதே பொருள்.

நம் மாவட்டப் பள்ளிகளில் சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகள் மாணவர் கைகளில் ஏறியதும் இதன் தொடர்ச்சியே. 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநர் அவற்றுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. எந்த நிறம் யாருடையது என்று பத்து வயதிலேயே கற்றுக்கொள்ளும் ஊர் இது. இங்கிருந்து ஒருவர் நிறங்களைத் தம் விருப்பப்படி பொருத்தும் தொழிலுக்குப் போகிறார் என்பது எளிய செய்தி அன்று.

நம்பிக்கையே முதல்

இத்தொழிலில் நுழைய என்ன வேண்டும் என்று கேட்டால் ரசனை, உழைப்பு, படங்களின் தொகுப்பு என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால், அவற்றுக்கு அடியில் இருப்பது இரவல். ஸ்டைலிஸ்ட் பயன்படுத்தும் உடைகளில் பெரும்பகுதி அவருடையவை அல்ல. வடிவமைப்பாளரிடமோ காட்சியகத்திலோ கடையிலோ பெற்று, படம் எடுத்து, கறைபடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. பெயர்பெற்ற ஒருவரின் பரிந்துரையிருந்தால் லட்ச ரூபாய் லெஹங்காவும் ஒரு தொலைபேசி அழைப்பில் வரும். பரிந்துரை இல்லாதவர் முழு விலையையும் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

ஆகவே, இத்தொழிலின் மூலதனம் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பள்ளித் தோழமை, உறவு, குடியிருக்கும் பகுதி, பேசும் ஆங்கிலம் ஆகியவற்றின் வழியே கைமாறுகிறது. இவை ஒவ்வொன்றும் சாதியின் வழித்தடங்களே. யாரையும் சாதி சொல்லி விரட்ட வேண்டியதில்லை. தெரிந்தவரை மட்டும் அழைத்தால் போதும். எங்களிடம் வந்த இளைஞர் இழந்ததும் அந்த நம்பிக்கையைத்தான். பதக்கம் கிடைத்த பின்பும் சந்தேகம் திரும்பப் பெறப்படவில்லை.

கல்வி வாசல்

நிறுவனக் கல்வி இந்த வழித்தடத்திற்கு மாற்றாக அமையலாம். 1995 முதல் சென்னையில் இயங்கும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனத்தில், அதாவது நிஃப்ட்டில், பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. ஆனால், ஒரு பருவத்திற்கான கட்டணமே ஒரு லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. நுழைவுத் தேர்வின் பொதுத்திறன் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர் வினாவைப் புரிந்துகொள்வதற்கே முதலில் போராட வேண்டும்.

ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் நிஃப்ட்டும் இடம்பெற்றுள்ளது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியல் சாதி மாணவர் இதில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு என்பதால் சேர்ந்த உடனே விண்ணப்பிப்பது அவசியம். இப்படியொரு திட்டம் இருப்பதைப் பள்ளியளவில் எடுத்துச் சொல்வார் அரிது. கிறித்தவத் தலித்துகளுக்கும் இஸ்லாத்தைத் தழுவிய தலித்துகளுக்கும் இந்த வாசலும் இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கப்படவில்லை. நெல்லைச் சீமையில் இந்த விலக்கு எத்தனை வீடுகளைத் தொடும் என்பதை நாம் அறிவோம்.

கலை அறிவியல் கல்லூரிகளின் ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்பும், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் ஓராண்டுத் தையல் பயிற்சியும் கைக்கெட்டும் வழிகள். தையல் தெரிந்தவரைப் படப்பிடிப்புத் தளம் எளிதில் ஒதுக்க முடியாது. இடுப்பளவைக் குண்டூசியால் சரிசெய்யவும், பிரிந்த விளிம்பைப் பத்து நிமிடத்தில் மடித்துத் தைக்கவும் அங்கே ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார். ஆனால், தைக்கத் தெரிந்தவர் தையற்காரராகவே நிறுத்தப்படும் ஆபத்தும் அதில் உண்டு.

ஊதியமில்லா உதவியாளரும் சட்டமும்

பெரும்பாலோர் இத்தொழிலுக்குள் வருவது உதவியாளராகத்தான். உடையைச் சேகரிப்பது, பட்டியலிடுவது, நீராவி இஸ்திரி போடுவது, திருப்பிக் கொடுப்பது ஆகியவற்றை ஓராண்டு, ஈராண்டு செய்ய வேண்டும். இதற்கு ஊதியம் தராமல் அனுபவமே ஊதியம் என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சென்னையில் உறவினர் வீடும் வீட்டிலிருந்து வரும் பணமும் உள்ளவரால் அந்த ஓராண்டைத் தாங்க முடியும். பீடி சுற்றியும் கட்டட வேலை பார்த்தும் நடக்கும் குடும்பங்களின் பிள்ளைகளால் முடியாது. சம்பளமில்லா வேலை என்பது சாதி சொல்லாமலேயே நம் பிள்ளைகளைச் சலித்தெடுக்கும் சல்லடையாகிவிடுகிறது.

சட்டம் இதை ஏற்கவில்லை. தொழில் பழகுநர் என்றால், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த ஒப்பந்தமும் உதவித்தொகையும் வேண்டும். அவ்வாறு பதிவு செய்யாமல், சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன வேலையைச் செய்பவரைப் பயிற்சியாளர் என்று பெயரிட்டு அழைப்பதால் மட்டும் ஊதியக் கடமை நீங்கிவிடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, குறைந்தபட்ச ஊதியத்தை எல்லாத் தொழிலாளர்க்கும் உரியதாக்குகிறது. இதற்கும் மேலாக, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் அளித்த தீர்ப்பு நமக்கு இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றும், அந்த உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றும் அது கூறியது.

சாதிப் பாகுபாட்டை மெய்ப்பிப்பதுதான் கடினம். குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955, தீண்டாமையின் பேரால் ஒருவர் தொழில் செய்வதைத் தடுப்பதைத் தண்டிக்கிறது. எனினும், அழைக்காமல் விடுவதற்கு எழுத்துச் சான்று இருப்பதில்லை. ஊர், தெரு என்று விசாரித்ததை யாரும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. எனவேதான் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுமாறு எங்களிடம் வருவோருக்கு வலியுறுத்துகிறோம். வேலைக்கு அழைத்த வாட்ஸ்அப் செய்தி, படப்பிடிப்பு நாள் அட்டவணை, உடை பெற்ற பட்டியல், திருப்பிக் கொடுக்கும்போது எடுத்த ஒளிப்படம், பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் ஆகியவையே நாளை அவர்களின் சாட்சிகள்.

பெயர் என்னும் உரிமை

அந்த இளைஞர் பணத்தை விடப் பெயரை ஏன் முக்கியமாகக் கருதினார் என்பதை, கடந்த ஆண்டு உலகறிய நடந்த ஒரு நிகழ்வு விளக்கும். 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடவர் ஆடைக் காட்சியில், கோலாப்பூர் செருப்பை அப்படியே ஒத்த காலணிகள் மேடையேறின. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறைகளாகத் தோல் தொழில் செய்யும் தலித்துகளின் கைவேலை அது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மேடையில் அந்தப் பெயர் இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்பே மூலத்தை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. டிசம்பரில் இரு மாநிலத் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களுடனும் ஒப்பந்தம் செய்து, 2,000 இணைச் செருப்புகளை இந்தியாவில் செய்விக்க முன்வந்தது. அதன் விலை சுமார் 800 யூரோ. பெயர் குறிப்பிடப்பட்ட பிறகுதான் பேரம் பேச இடம் கிடைத்தது. படப்பிடிப்பின் உதவியாளர் பட்டியலுக்கும் இதே விதி பொருந்தும். அடுத்த வேலை பெயரைப் பார்த்தே வருகிறது.

செய்ய வேண்டியவை

தாட்கோ தன் திறன் பயிற்சிகளில் ஸ்டைலிங்கைச் சேர்ப்பது முதல் தேவை. தையலோடு நின்றுவிடாமல் ஒளிப்படம், வண்ணம், ஒப்பந்தம், கணக்கு ஆகியவற்றையும் அதில் கற்பிக்க வேண்டும். இரண்டாவதாக, இரவல் சிக்கலுக்கு விடையாக நெல்லையில் ஒரு பொது உடை இருப்பகம் வேண்டும். பட்டியலினத் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. சிலர் கூடி அத்தகைய இருப்பகத்தைத் தொடங்க இது போதுமான பிடிமானம். வீரவநல்லூர் செடிபுட்டா சேலையும் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றவை. மேலப்பாளையமோ நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். முதல் படத் தொகுப்புக்கான பொருள் இங்கேயே இருக்கிறது. மூன்றாவதாக, திரைத்துறைத் தொழிற்சங்கங்களும் விளம்பர நிறுவனங்களும் உதவியாளருக்கு எழுத்து ஒப்பந்தம், நாட்கூலி, பெயர்க் குறிப்பு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். இதற்கான கோரிக்கையை நாம் தொழிலாளர் துறையிடமும் எழுப்ப வேண்டும்.

எங்களிடம் வந்த இளைஞர் இப்போது மேலப்பாளையத்தில் ஒரு தையற்கடையில் பகலில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களை ஆற்றங்கரையில் நிறுத்திப் படம் எடுத்து, தம் தொகுப்பைச் சேர்த்துவருகிறார். ஒவ்வொரு படத்தின் கீழும் உடை கொடுத்தவர், தைத்தவர், படம் எடுத்தவர் ஆகியோரின் பெயர்களை எழுதுகிறார். இறுதியில் தம் பெயரையும். அவருடைய எட்டு மாத ஊதியத்திற்கான கோரிக்கையைத் தொழிலாளர் துறையின் முன் வைக்க நாங்கள் ஆயத்தமாகிவருகிறோம். இதே நிலையில் இருப்போர் தங்களிடமுள்ள செய்திகளையும் அட்டவணைகளையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். ஒருவர் கேட்டால் விதிவிலக்கு என்பார்கள், பலர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.