விமானப் பட்டமும் வீட்டுக் கடனும்

விமானியாக வேண்டுமென்ற ஆவல் நம் வாலிபரிடையே வளர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், விமானத்துறைப் பட்டம் வேறு, விமானம் ஓட்டும் லைசென்ஸ் வேறு என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும். இந்தியாவில் லைசென்ஸுக்குக் கல்லூரிப் பட்டம் அவசியமில்லை. வைத்தியப் பரிசோதனையும், பரீட்சைகளும், 200 மணி நேரப் பறத்தலும் அவசியம். அதற்கோ அரைக் கோடி ரூபாயளவு செலவாகிறது.

2023-இல் ஏர் இந்தியாவும் இண்டிகோவும் 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது மெய். அவ்வாண்டே கோ பர்ஸ்ட் கம்பெனி பறப்பதை நிறுத்தியதும் மெய். ஆகவே, வீட்டை அடகு வைக்குமுன் மகனுக்கோ மகளுக்கோ வைத்தியப் பரிசோதனையை முடித்துவிடுக என்போம். தகுதியுள்ள ஏழைக்கு வானம் அடைபட்டுக் கிடப்பது தேசத்துக்கே நஷ்டம். சர்க்கார் தாராளமாக உபகாரச் சம்பளம் அளிப்பதே நியாயம்.