ஆறு நிமிட நடை



வீட்டில் ஒருவர் இதய நோயாலோ மூச்சிரைப்பாலோ நெடுநாள் வருந்துகிறார் என்றால் மற்றவர்கள் முதலில் செய்வது என்ன? "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி அவரைக் கட்டிலில் இருத்திவிடுகிறோம். தண்ணீர்ச் செம்பு கைக்கே வருகிறது. சோற்றுத் தட்டும் படுக்கைக்கே வருகிறது. இது பாசத்தின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்பாசம் நோயாளிக்கு நன்மை பயக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

1966-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் மருத்துவர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். இருபது வயதை ஒட்டிய, நோய்நொடியற்ற ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினர். கடுமையாக உழைக்கும்போது உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லது என்பது உடலாற்றலை அளக்கும் முக்கிய அளவுகோலாகும். மூன்று வார முடிவில் அவ்வாற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பின்னர் ஏறக்குறைய இரண்டு மாதப் பயிற்சியால் அவர்கள் இழந்ததை மீட்டனர். முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1996-இல், அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது வியப்பான உண்மையொன்று வெளிப்பட்டது. முப்பதாண்டு மூப்பு பறித்ததைவிட அன்றைய மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம்!

நலமுள்ள இளைஞருக்கே இக்கதி என்றால், நோயுற்ற முதியவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? உழைக்காத தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கே களைக்கிறது. களைப்பைக் கண்டு நோய் முற்றிவிட்டதென அஞ்சி, நோயாளி மேலும் படுத்துவிடுகிறார். இவ்வாறு நோய் ஒரு பங்கைப் பறிக்க, படுக்கை மறு பங்கைப் பறிக்கிறது.

"நோயாளியை நடக்கவிட்டால் ஆபத்து நேராதோ?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகிய நாடுகளில் இதயம் பலவீனமுற்ற 2,331 பேரைக் கொண்டு நடைபெற்ற ஆய்வின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. மேற்பார்வையோடு தொடங்கிய பயிற்சி அவர்களுக்குத் தீங்கு விளைவிக்கவில்லை. நோயை அறவே நீக்கும் மாயமருந்தாக அது அமையவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் நடக்கும் ஆற்றலும் அன்றாட வாழ்வின் நலமும் ஓரளவு உயர்ந்தன.

இத்தகைய நோயாளரின் ஆற்றலை அளக்க மருத்துவர்கள் கையாளும் எளிய முறை ஒன்றுண்டு; அதுவே ஆறு நிமிட நடைச் சோதனை. முப்பது மீட்டர் நீளமுள்ள சமதளமான நடைபாதையில் நோயாளி தம்மால் இயன்ற வேகத்தில் முன்னும் பின்னும் நடக்கிறார். மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாய்ந்து இளைப்பாறலாம், பின் தொடரலாம். கடிகாரம் மட்டும் நிற்பதில்லை. ஆறு நிமிடத்தில் கடந்த தூரமே அளவு.

கனடா நாட்டு மருத்துவர் கார்டன் கயட்டும் அவருடைய உடனுழைப்பாளரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே நம் கவனத்திற்குரியது. நாட்பட்ட இதய நோயோ நுரையீரல் நோயோ உடைய 43 பேர் இச்சோதனையில் நடந்தனர். சிலரை ஊக்கமூட்டும் சொற்களோடு நடக்கவைத்தனர். மற்றவரை ஒன்றும் சொல்லாமல் நடக்கவிட்டனர். ஊக்கம் பெற்றவர்கள் சுமார் 30 மீட்டர் கூடுதலாக நடந்தனர்! நாட்பட்ட நுரையீரல் நோயாளர் ஒரு சிகிச்சையால் உண்மையிலேயே பயன்பெற்றார் என்று சொல்வதற்கு மருத்துவ வல்லுநர்கள் 2014-இல் வகுத்த அளவும் ஏறக்குறைய இதே 30 மீட்டர்தான். சொல்லின் வலிமையைப் பாருங்கள்! இதனாலேயே, எவர் சோதித்தாலும் அளவு மாறாதிருக்க, ஒவ்வொரு நிமிடமும் நோயாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் விதியாக வகுத்துள்ளனர்.

ஆகவே, அன்பர்களே, நோயாளி எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டால் உடனே நிறுத்துங்கள். எல்லா நோய்க்கும் இது பொருந்தாது என்பதையும் மறவாதீர்கள். சிறு முயற்சிக்குப் பின்னும் நாள்கணக்கில் நோய் மிகும் நாட்பட்ட களைப்பு நோய்க்கு, படிப்படியாகக் கூட்டும் பயிற்சி தகாது என்று இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறை 2021-இல் அறிவித்தது.

மருத்துவர் அனுமதித்தால், திண்ணையிலிருந்து வாசல்வரை தொடங்குங்கள். இளைப்பாற நாற்காலி ஒன்றை வழியில் இடுங்கள். "இவ்வளவுதானா?" என்று கேட்பதை விடுத்து, "நேற்றைவிட நன்றாக நடந்தீர்கள் அப்பா" என்று சொல்லுங்கள். தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுப்பது அன்புதான். செம்பு இருக்கும் இடம்வரை அவரோடு கூடவே நடப்பது அதனினும் மேலான அன்பன்றோ?