ரயிலின் பாரமா, வெயிலின் பாரமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் உடற்பயிற்சிப் பழக்கம் பரவி வருவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. மாட்டுங்காவில் விடியற்காலையில் வெளியே வந்தால் நடந்துகொண்டிருக்கும் நம்மவர்கள் நாலு பேரையாவது பார்க்காமல் இருக்க முடியாது. செம்பூரிலும் முலுண்டிலும் ஜிம்முக்குப் போகாத இளைஞரைத் தேடத்தான் வேண்டும். 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தானில் நம் வீட்டுப் பிள்ளைகளோடு மருமகள்களும் ஓடுகிறார்கள்.

இதோடு கூடவே ஒரு புகாரும் அடிக்கடி காதில் விழுகிறது. "உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது, தூக்கம் வருவதில்லை, எதைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது." இதற்கு இளைஞர்கள் வைத்திருக்கும் பெயர் ஓவர்டிரெயினிங், அதாவது அளவுக்கு மீறிய பயிற்சி. பெரியவர்கள் சொல்வது, "எல்லாம் ஆபீஸ் டென்ஷன்." அந்தப் புகாரையே வீட்டுப் பெண் சொன்னால் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "யார் உன்னை இப்படி நடக்கச் சொன்னார்கள்? நாளையிலிருந்து வாக்கிங் வேண்டாம்."

இந்த இரண்டு களைப்பையும் பிரித்து அறிய முடியும், அறியத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பிரித்துப் பார்க்காமல் அவசரப்படும்போது, நம் வீடுகளில் முதலில் வெட்டப்படுவது பயிற்சிதான். பல சமயம் அது குற்றமற்றது.

நான் டாக்டர் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, 36 வருஷம் தண்டவாளங்களோடு காலம் தள்ளியவன். ஆனால் 'ஸ்ட்ரெஸ்' என்ற வார்த்தை முதலில் எங்கள் தொழிலுக்குச் சொந்தமானது. இரும்பின் மேல் விழும் விசையை அளப்பதற்கு எஞ்சினீயர்கள் வைத்திருந்த சொல் அது. ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி, எந்த விதமான தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரியாகத்தான் எதிர்வினை காட்டுகிறது என்று 1936-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பின்னாளில் அதற்கு அவர் வைத்த பெயர்தான் ஸ்ட்ரெஸ். எங்கள் சொல் அப்படித்தான் மருத்துவத்துக்குப் போனது. ஆகவே எங்கள் தொழிலிலிருந்தே விளக்கப் பார்க்கிறேன்.

தண்டவாளத்தின் மேல் இரண்டு வகைப் பாரம் விழுகிறது. ஒன்று ரயிலின் பாரம். சக்கரம் வரும்போது அழுத்தும், போனதும் விட்டுவிடும். இன்னொன்று வெயிலின் பாரம். நீளமாகப் பற்றவைக்கப்பட்ட தண்டவாளம் சூட்டில் நீள முடியாமல் தனக்குள்ளேயே அழுத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். இன்று போடப்படும் 60 கிலோ ரகத் தண்டவாளத்தில், சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 1.9 டன் அழுத்தம் ஏறும். இருபது டிகிரி ஏறினால் 38 டன். அந்தப் பாதையில் ஒரு ரயில்கூட ஓடியிருக்க வேண்டாம்! கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. இப்படி அழுத்தம் ஏறி நிற்கும் பாதை, பல சமயம் ரயில் மேலே வரும்போதுதான் நெளியும். பார்ப்பவர்கள் ரயிலைக் குறை சொல்வார்கள். உண்மையில் வேலையைக் காட்டியது வெயில்.

உடற்பயிற்சி ரயிலின் பாரம் போன்றது. வரும், போகும். வாழ்க்கைத் தொல்லை வெயிலின் பாரம். கடன், மேலதிகாரி, கூட்ட நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போகும் லோக்கல் பயணம், படுக்கையில் கிடக்கும் மாமியார், பன்னிரண்டாம் வகுப்புப் பையன் எல்லாம் இதில் சேரும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இது உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும்.

பிரித்துப் பார்க்கும் முன் ஒரு எச்சரிக்கை. நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால், அது பயிற்சியா டென்ஷனா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது தவிர, மூன்று நாலு வாரம் தீராத எந்தக் களைப்புக்கும் முதலில் ரத்தப் பரிசோதனை தேவை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சைவர்களுக்கு வரும் பி12 குறைவு, டெங்குவோ கோவிடோ வந்து போன பிந்தைய பலவீனம் ஆகிய எல்லாமே இதே வேஷத்தில் வரும். ஓவர்டிரெயினிங்கைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

சரி, பரிசோதனையில் எல்லாம் நலம். அடுத்து என்ன பார்ப்பது?

பயிற்சி மிஞ்சியதற்கு முதல் அடையாளம், அந்தப் பயிற்சியிலேயே தெரியும் சரிவு. முன்பு எளிதாக ஓடிய அதே வேகத்துக்கு இப்போது மூச்சு வாங்கும். கால்கள் ஈயம்போல் கனக்கும். ஒரு நாள், இரண்டு நாள் ஓய்வில் தீராது. அதற்கு முந்தைய வாரங்களின் கணக்கைப் பார்த்தால் தூரமோ எடையோ திடீரென்று ஏறியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர் மாரத்தானுக்காக வாரம் 25 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்ததை இரண்டு மாதத்தில் 60-க்குக் கொண்டுபோனார். வீட்டிலும் ஆபீசிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேகம் குறைந்தது. காலையில் எழுமுன் நாடித்துடிப்பு 56-ஆக இருந்தது 66-ஆகியது. ஒரே மாதத்தில் இரண்டு முறை ஜலதோஷம். இரண்டு வாரம் ஓட்டத்தை அறவே விட்டார். பிறகு பாதித் தூரத்தில் ஆரம்பித்தார், எல்லாம் சரியாயிற்று. இது ரயிலின் பாரம். ரயிலை நிறுத்தினால் தீர்ந்தது.

வாழ்க்கைத் தொல்லையின் அடையாளம் வேறு. களைப்பு பயிற்சியின் கணக்கை ஒட்டி வராது, காலண்டரை ஒட்டி வரும். ஞாயிறு சாயங்காலமே தலை கனக்கும். மாதக் கடைசியிலும், பிள்ளையின் பரீட்சை நேரத்திலும், ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் கூடும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் மலைக்கோயில் படியெல்லாம் ஏறி இறங்கினாலும் அந்த ஆளுக்குக் களைப்பே தெரியாது! திரும்பி வந்து தாதரில் இறங்கினதும் பழைய கனம் ஏறிக்கொள்ளும். இன்னொன்றும் கவனிக்கலாம். களைப்போடு கிளம்பி மெதுவாகப் பத்து நிமிஷம் நடந்த பிறகு உடம்பு இலேசாகிறதா, இன்னும் கனக்கிறதா? இலேசானால் பெரும்பாலும் பாரம் மனசில் இருக்கிறது. நடக்க நடக்கக் கனம் ஏறினால் உடம்பே ஓய்வு கேட்கிறது. இது சட்டம் அல்ல, கைக்கணக்கு. ஆனாலும் உபயோகமானது.

எங்கள் கட்டடத்தில் ஒரு பெண்மணி. வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆபீஸ் வேலை, படுத்த படுக்கையாக மாமியார், கோச்சிங் கிளாஸ் போகும் பையன். தினம் காலையில் 40 நிமிஷம் நடப்பார். களைப்பு என்று சொன்னதும் வீட்டில் வாக்கிங்கை நிறுத்தினார்கள். மூன்று வாரம் ஆயிற்று. களைப்பு அப்படியே இருந்தது, இருந்த கொஞ்சத் தூக்கமும் கெட்டது. ரத்தப் பரிசோதனையில் குறையில்லை. பிறகு கணவர் வாரத்தில் மூன்று இரவு தாயாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றார். அந்த அம்மாள் மூன்று ராத்திரி முழுசாகத் தூங்கினார், மறுபடி நடக்கவும் ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் முகமே மாறிவிட்டது. ரயிலை நிறுத்திப் பார்த்தார்கள், பாதை நிமிரவில்லை. வெயிலைக் குறைத்தார்கள், நிமிர்ந்தது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி பெரியவர்களுக்குத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தினம் 40 நிமிஷம் நடந்தால் 280 நிமிஷம். அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆகவே காலை நடையால் ஓவர்டிரெயினிங் வந்துவிட்டது என்று நம் வீட்டு அம்மாக்களுக்குச் சொல்வது அநேகமாக அபாண்டம்.

ஆனால் ஒன்று. உடம்பு இரண்டு பாரத்துக்கும் தனித்தனிக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழக அணி வீரர்கள் 101 பேரைக் கவனித்து 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கடும் பயிற்சி வாரங்களில் மட்டுமல்ல, பரீட்சை வாரங்களிலும் அவர்களுக்குக் காயங்கள் கூடின. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் காலையில் பாட்மின்டனுக்கும் மாலையில் கோச்சிங்குக்கும் அனுப்பும் பெற்றோர்கள் இதை யோசிக்க வேண்டும். பெண் பிள்ளைகள் உடம்பு இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டினால், மாதவிலக்கே நின்றுபோகும் அளவுக்கு நிலைமை போகலாம். அதை டென்ஷன் என்று தள்ளிவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டும் கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பழுது பார்ப்பவனுக்கு ஒரு விதி உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பத்து நாள் பயிற்சியை மட்டும் பாதியாக்குங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். களைப்பு இறங்கினால் பயிற்சிக்குப் பங்கு உண்டு. இறங்காவிட்டால் பயிற்சியைப் பழையபடி ஆக்கிவிட்டு, அடுத்த பத்து நாள் தூக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் கூட்டிப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினம் நாலு எண்கள் எழுதினால் போதும்: எழுமுன் நாடித்துடிப்பு, தூங்கிய மணி நேரம், பயிற்சியின் பாரம், மனசின் பாரம். பயிற்சியின் பாரத்துக்குக் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன எளிய வழி உண்டு. சிரமத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு நிமிஷத்தால் பெருக்குவது. 40 நிமிஷம், சிரமம் 5 என்றால் 200. மனசின் பாரத்துக்கும் அதேபோல் பத்துக்கு மார்க் போடலாம். ஒரு மாதத்தில் எந்த எண்ணோடு களைப்பு ஏறி இறங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பை எண்ணித் தரும். ஆனால் ராத்திரி சண்டை போட்டுவிட்டுப் படுத்தாலும் நாடி ஏறும், பத்து கிலோமீட்டர் ஓடினாலும் ஏறும். எதனால் ஏறியது என்று அது சொல்லாது, நோட்டுப் புத்தகம்தான் சொல்லும்.

கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியது என்ன? வெயிலை நிறுத்த ரயில்வேயால் முடியாது. கடும் சூட்டில் ஆபத்தான இடத்தில் ரயிலின் வேகத்தைக் குறைப்போம். ஆனால் ரயிலை அடியோடு நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட மாட்டோம். தக்க நேரம் பார்த்துத் தண்டவாளத்தின் பிடிகளைக் கழற்றி, ரோலர் மேல் ஏற்றி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு மறுபடி பூட்டுவோம். இதற்கு டீஸ்ட்ரெஸ்ஸிங் என்றே பெயர். ஒரு ஆள் செய்கிற வேலை அல்ல அது. ஒரு கூட்டமே வேண்டும்.

குடும்பத்திலும் அப்படித்தான். தொல்லை மிகுந்த மாதத்தில் ஓட்டத்தை நடையாக்குங்கள், எடையைக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை லோக்கலுக்கு மெகா பிளாக் விடுகிறார்கள் அல்லவா, உடம்புக்கும் வாரத்தில் ஒரு நாள் அப்படி விடுங்கள். ஆனால் பயிற்சியை அடியோடு வெட்டிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டை இறக்க மற்றவர்கள் கை கொடுக்க வேண்டும்.

ஊரில் இருந்திருந்தால் அத்தையோ சித்தியோ ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து ஃபிளாட்டும் இந்தச் சங்கமும்தான். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களுக்கு நேரம் இருக்கிறது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் காலையில் ஒரு மணி நேரம் முறைவைத்துப் போய்த் துணையாக இருக்கலாம். அந்த ஒரு மணியில் அந்த வீட்டம்மாள் நிம்மதியாக நடந்துவிட்டு வரட்டும். வரும் கமிட்டி கூட்டத்தில் இதைப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.