மூணு மீட்டர்ல திரும்பினது தோல்வியா?

பையன் ஆடற கெர்பல் விளையாட்டுல ரெண்டு விண்கலத்தை இணைக்க ஒரு வாரமா மல்லுக்கட்டறேன். முன்னால போறதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினா, சுற்றுப்பாதை உயர்ந்து நாமதான் பின்தங்கறோம். குறைச்சாத்தான் கீழே இறங்கி எட்டிப் பிடிக்க முடியுது! சந்தாபுரா சிக்னல்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க :-)

இஸ்ரோவோட ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 12-ல 3 மீட்டர் வரை நெருங்கிட்டு விலகினப்ப ஆபீஸ்ல ஒரே கிண்டல். நானும் சேர்ந்து சிரிச்சவன்தான். அது ஒத்திகைங்க! ஒவ்வொண்ணும் 220 கிலோ. இடிச்சிருந்தா 'மறுபடி ஆடு' பொத்தான் ஏது? டேட்டாவை அலசிட்டு 16-ந் தேதி இணைச்சாங்க. அந்த இணைப்பைவிட விலகினதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

என் கலம் இன்னும் 40 மீட்டர்ல. "அப்பா, மெதுவா!"ங்கறான் பையன்.