நிரலைப் பார்த்துவிட்டு நிரப்புவோம்

மாணவர் விபரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை கடைசியில் ஆசிரியர்களாகிய எங்கள் தலையில்தான் விழுகிறது. பரவாயில்லை, ஏற்றுவோம். ஆனால் எந்த நிரல் எந்தத் தரவு வகை என்று பார்க்காமல் ஒரு எழுத்தும் தட்டக்கூடாது என்பது எங்கள் கருத்து.

யாழ்ப்பாணத்துத் தொலைபேசி இலக்கம் 021 இல் தொடங்கும். 1990 இல் வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பங்களில் பலருக்கு இன்னமும் புத்தளத்து 032. நிரல் எண் வகையென்றால் முன்னாலுள்ள பூச்சியம் போய்விடும். அவசரத்துக்குப் பெற்றோரை எப்படி அழைப்பது?

அடையாள அட்டை இன்னும் சிக்கல். பழையதில் 9 இலக்கமும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும். 2016 முதல் வந்த புதியதில் 12 இலக்கம். மைஎஸ்கியூஎல்லின் சாதாரண ‘இன்ட்’ வகை 2,147,483,647 க்கு மேல் கொள்ளாது. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத இலக்கமெல்லாம் எழுத்து வகையாகவே இருக்கட்டும்.

பார்ப்பது பெரிய காரியமில்லை. அக்செஸ் என்றால் ‘டிசைன் வியூ’வைத் திறவுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் ‘டிஸ்கிரைப்’ என்று எழுதி அட்டவணையின் பெயரைக் கொடுங்கள். நிரலும் வகையும் வரிசையாக வரும். தெரியாவிட்டால் உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், சந்தோசமாகக் காட்டித் தருவார்கள்.

வகை பிழையென்றால் அப்போதே பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். முழுப் பாடசாலையையும் ஏற்றிய பிறகு வகையை மாற்றினாலும் போன பூச்சியம் தானாகத் திரும்பி வராது.