டினியன் மக்களைக் கேட்டீர்களா?

ஓடுபாதை போடுகிற வேலையில் தலை நரைத்தவன் நான். பசிபிக்கில் இருக்கும் டினியன் தீவின் நார்த் ஃபீல்டு விமானத்தளத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது வியப்புதான். மொத்தமே சுமார் 100 சதுர கிலோமீட்டர் நிலம். 1944-இல் ஜப்பானியரிடமிருந்து அதைப் பிடித்த அமெரிக்கப் படை, ஓராண்டுக்குள் நான்கு ஓடுபாதைகளைப் போட்டு முடித்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,600 மீட்டர் நீளம். சல்லிக்குப் பவளப்பாறை. அதை வெடி வைத்துப் பெயர்த்து, உடைத்துப் பரப்பி, கடல்நீர் தெளித்து ரோலர் ஓட்டினார்கள். நனைந்த பவளத்தூள் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிடும். அதன்மேல் தார். 60 டன்னுக்கு மேற்பட்ட பி-29 குண்டுவீச்சு விமானங்களை அந்தத் தளம் தாங்கியது.

எதற்காகத் தாங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவை எரித்து, சுமார் ஒரு லட்சம் பேரைக் கொன்ற விமானங்களில் பல இந்தத் தீவிலிருந்து போனவை. ஆகஸ்ட் 6 அதிகாலை 2.45-க்கு ஹிரோஷிமாவுக்குக் கிளம்பிய ‘எனோலா கே’யும் இங்கிருந்துதான் எழுந்தது. அது சுமந்துபோன, நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள அணுகுண்டு விமானத்தின் அடியில் நுழையாது. அதனால் தரையில் குழி வெட்டிக் குண்டை உள்ளே இறக்கி, குழியின்மேல் விமானத்தை நிறுத்தி, ஹைட்ராலிக் ஜாக்கியால் தூக்கி ஏற்றினார்கள். அந்தக் குழிகள் இன்றும் கண்ணாடிக்குள் பாதுகாக்கப்படுகின்றன.

போருக்குப் பிறகு கைவிடப்பட்ட அதே ஓடுபாதைகளில் மண்டிய காட்டை வெட்டி, அமெரிக்க விமானப்படை மீண்டும் சீரமைத்து வருகிறது. சீனாவோடு மோதல் வந்து அருகிலுள்ள குவாம் தீவின் அமெரிக்கத் தளம் அடிபட்டால், விமானங்களுக்கு மாற்று இடம் வேண்டும் என்பது கணக்கு. ராணுவக் கணக்காக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஓடுபாதை இருக்கும் இடத்தைத்தான் ஏவுகணை தேடி வரும். டினியன் இப்போது அமெரிக்க ஆட்சிப்பகுதி; அங்கே குடியிருக்கும் சுமார் 2,000 பேரில் பலர் அமெரிக்கக் குடிமக்கள். இருந்தும் அதிபர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. நாடாளுமன்றத்தில் அவர்களுடைய பிரதிநிதியால் மசோதாக்கள் மீது இறுதி வாக்களிக்க முடியாது. போரா சமாதானமா என்று முடிவெடுப்பவரைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்களின் வாசலில் போர்த்தளம் அமைப்பது அநியாயம்.

தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் 1983 முதல் 50 ஆண்டுக் குத்தகையில் ராணுவத்திடம் இருக்கிறது. கூடுதலாக ஒரு டாலரும் தராமல் இன்னும் 50 ஆண்டு நீட்டித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வழி உண்டு. முதல் தவணை 2033-இல் முடிகிறது. அதற்குமுன் டினியனில் வாக்கெடுப்பு நடத்துங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் ரோலர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுங்கள்.