நடந்தே எண்ணுவோம்: ஓராண்டுப் பறவைப் பட்டியல்

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையும் பறவைகள் விழித்து ஒலியெழுப்பும் வேளையும் ஒன்றே. அந்நேரத்தில் வாயிலில் நிற்பவர் காதில் கரிச்சானின் குரலும் செம்போத்தின் குரலும் விழாமல் இருப்பதில்லை. ஆயினும் அவை எப்பறவையின் குரல்கள் என்று பிள்ளைகள் வினவினால் நம்மில் பலரிடம் விடை இருப்பதில்லை. காகம், குருவி, கொக்கு, கிளி, புறா, மைனா என்ற அளவோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. இறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அண்டை வீட்டாரின் பெயர் அறியாதிருப்பதைக் குறையாகக் கருதும் நாம், நம் தெருவிலேயே வாழும் இச்சமுதாயங்களின் பெயர் அறியாதிருப்பதைக் குறையாகக் கருதுவதில்லை.

இக்குறையைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. ஜனவரி முதல் நாள் தொடங்கி டிசம்பர் இறுதி வரை, கண்ட ஒவ்வொரு பறவை இனத்தையும் ஒருமுறை பட்டியலில் எழுதுவதே அது. உலகின் பல பகுதிகளில் பறவை ஆர்வலர்கள் இதனை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். எண்ணிக்கையைக் கூட்டும் ஆவலில் விமானத்திலும் காரிலும் பறந்து திரிவோரும் அவர்களுள் உளர். அதற்கு மாற்றாகச் சிலர் ஒரு நிபந்தனையை ஏற்றுக்கொண்டனர்: கால்நடையாகவோ மிதிவண்டியிலோ சென்று கண்டவை மட்டுமே பட்டியலில் இடம்பெறும். கனடாவின் யூகான் பகுதியைச் சேர்ந்த மால்கம் பூத்ராய்டு என்ற 15 வயதுச் சிறுவன், 2007இல் தன் பெற்றோருடன் மிதிவண்டியில் புறப்பட்டு, ஓராண்டில் 500க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டான். அமெரிக்காவின் டோரியன் ஆண்டர்சன் 2014ஆம் ஆண்டு முழுவதும் மிதிவண்டியிலேயே தம் நாட்டைச் சுற்றி 600க்கும் மேற்பட்ட இனங்களைப் பதிவு செய்தார்.

அத்தகைய நெடும்பயணம் நமக்குத் தேவையில்லை. ஆனால் அந்த நிபந்தனை நம் குடும்பங்களுக்கு மிகவும் பொருத்தமானது என்பதே நமது கருத்து.

முதலாவதாக, பறவையைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் அறிகிறோம். மோட்டார் வாகனத்தின் இரைச்சலில் அவ்வாய்ப்பு இல்லை. இரண்டாவதாக, இதற்குப் பொருட்செலவு மிகக் குறைவு. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். பைனாகுலர் ஒன்றைத் தெருவில் நான்கு வீட்டார் பகிர்ந்து கொள்ளலாம். மூன்றாவதாக, நடந்து செல்பவரின் எல்லை சிறியது. எனவே அவர் ஒரே குளக்கரையைப் பன்னிரண்டு மாதங்களும் பார்க்கிறார். அங்கே எது குறைகிறது, எது வராமல் போயிற்று என்பதை அவரே முதலில் அறிகிறார்.

நம் ஊர்களில் அச்சிறு எல்லைக்குள் எவ்வளவோ உண்டு. பழமையான மையவாடிகளின் வேம்பிலும் புளியிலும் மரங்கொத்தியும் புள்ளி ஆந்தையும் வாழ்கின்றன. குளக்கரையில் நாமக்கோழியும் மீன்கொத்தியும் தென்படும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினத்தாருக்கு அலையாத்திக் காடுகள் அருகில் உள்ளன. தோப்புத்துறையிலிருந்து கோடியக்கரைக்கு மிதிவண்டியிலேயே சென்று வரலாம். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அக்கடற்கரைக்குப் பூநாரைகளும் பலவகை உள்ளான்களும் குளிர்காலத்தில் வருகின்றன. அக்டோபர் மாதத்தில் ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலிருந்து தெற்கே வருகிறது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் நம் மூதாதையர் அதற்கு இப்பெயரிட்டனர். களைத்துப்போய் நம் வீட்டுக் கொல்லைகளில் அது இறங்குவதும் உண்டு.

பட்டியலை முஹர்ரம் மாதத்தில் தொடங்கலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். பறவைகளின் வலசை சூரியனின் பருவங்களைப் பின்பற்றுகிறது. ஹிஜ்ரி ஆண்டோ ஒவ்வோராண்டும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னே நகர்கிறது. ஆகவே ஓராண்டை மற்றோர் ஆண்டுடன் ஒப்பிட ஆங்கில ஆண்டே இதற்கு ஏற்றது.

இதில் பொழுது வீணாகிறது என்பதும், எண்ணிக்கையைப் பெருக்கும் போட்டி பெருமைக்கு வழிவகுக்கும் என்பதும் நியாயமான ஐயங்களே. தொழுகையையும் கடமைகளையும் மறக்கச் செய்யும் எதுவும் நமக்கு ஆகாது. ஆனால் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் பிள்ளைகளுடன் நடந்து, படைப்பினங்களை உற்றுநோக்குவது அவ்வகையில் சேராது. பெருமையைப் பொறுத்தவரை, இப்பட்டியல் நேர்மைக்கான பயிற்சியாகவும் அமைய முடியும். ஸுலைமான் (அலை) அவர்களிடம் ஸபா நாட்டைப் பற்றி உறுதியான செய்தியுடன் வந்தது ஹுத்ஹுத் பறவை. அச்செய்தியையும் அவர்கள் உண்மைதானா என்று ஆராய்ந்த பின்னரே ஏற்றார்கள். தமிழில் கொண்டலாத்தி எனப்படும் அப்பறவையை நம் வயல்வெளிகளிலும் காணலாம். பட்டியல் எழுதும் பிள்ளையை யாரும் சோதிக்கப் போவதில்லை. தெளிவாகக் காணாததை எழுதாமல் விடுவதும், ஐயமிருந்தால் ஐயம் என்றே குறிப்பதும் அவனும் அல்லாஹ்வும் மட்டுமே அறிந்த அமானிதமாகும்.

இத்துறை நமக்கு அந்நியமானதும் அன்று. 1896இல் மும்பையில் பிறந்த சாலிம் அலி, சிறுவயதில் பெற்றோரை இழந்து மாமாவின் வீட்டில் வளர்ந்தார். தாம் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு அதன் பெயரை அறிய முயன்றார். அத்தேடலே அவரை இந்தியப் பறவையியலின் முன்னோடியாக்கியது. கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் பணியிலும் அவர் முன்னின்றார். நம் சகோதரிகளுக்கு ஜமால் ஆராவின் பெயரை நினைவூட்ட வேண்டும். சோட்டா நாக்பூர் காடுகளில் பறவைகளை உற்றுநோக்கி எழுதிய அப்பெண்மணியின் நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1970இல் வெளியிட்டது. வெளியே செல்ல வாய்ப்பில்லாத தாய்மாரும் முதியோரும் மொட்டைமாடியில் நின்றே தம் பட்டியலைத் தொடங்கலாம்.

இவை அனைத்தையும்விட நாம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. குளிர்காலத்தில் கடலோர மாவட்டங்களில் உள்ளான்களையும் கொக்குகளையும் வலைவைத்துப் பிடித்து இறைச்சிக்கு விற்போர் இன்றும் உள்ளனர். அவற்றை விரும்பி வாங்குவோரில் நம்மவரும் உண்டு. உண்ண அனுமதிக்கப்பட்ட பறவைதானே என்பது அவர்கள் கூறும் காரணம். அனுமதி உள்ள பொருளும் தவறான வழியில் வந்தால் தூய்மையாக இராது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைத் தடுத்துள்ளது. நாம் குடிமக்களாக வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்பது ஓர் உடன்படிக்கையைக் காப்பதாகும். இறகு உரித்துக் கொண்டுவரப்படும் பறவை முறைப்படி அறுக்கப்பட்டதா என்பதையும் வாங்குபவர் அறிய வழியில்லை. நம் வீட்டு முற்றங்களில் கூண்டில் தொங்கும் பச்சைக்கிளிகளுக்கும் அதே சட்டம் பொருந்தும். குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி தம் தோழர்களுக்குப் பணித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்செய்தியை நாம் மேடைகளில் கேட்கிறோம். வீட்டிலும் சந்தையிலும் அதனைக் கடைப்பிடிக்க வேண்டும்.

அறிவுரையால் மட்டும் இம்மாற்றம் வராது. ஓர் உள்ளானைச் சேற்றில் நின்று பார்த்து, அது ஆயிரக்கணக்கான மைல்கள் கடந்து வந்தது என்றறிந்து, தன் குறிப்பேட்டில் அதன் பெயரை எழுதிய சிறுவன், அதனைப் பிறகு தட்டில் பார்க்க விரும்பமாட்டான். குப்பை கொட்டித் தூர்க்கப்படும் குளத்தைப் பற்றி ஜமாஅத்தில் எழுந்து பேசவும் அவனால் முடியும். அவனிடம் அக்குளத்தின் கணக்கு இருக்கும்.

சில ஒழுங்குகளைப் பேணுதல் வேண்டும். கூடுகளை நெருங்குவதும், ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதும் கூடாது. சரணாலயங்களில் வனத்துறையின் விதிகளை மதிக்க வேண்டும். பிறர் வயலிலும் தோப்பிலும் உரியவரின் அனுமதியுடனே நுழைய வேண்டும். கண்டவற்றை இபேர்டு இணையதளத்திலும் பதிந்தால் ஆய்வாளர்களுக்கு அவை பயன்படும். பொங்கல் விடுமுறையையொட்டித் தமிழகத்தில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்வது, அண்டை அயலாருடன் இணைந்து செய்யும் நற்செயலாகவும் அமையும்.

மதரஸாக்களும் மஹல்லா நிர்வாகங்களும் மாதம் ஒருமுறை ஃபஜ்ருக்குப் பின் பிள்ளைகளை ஊர்க்குளம் வரை நடத்திச் செல்ல முன்வர வேண்டும். ஆண்டிறுதியில் அதிக எண்ணிக்கை காட்டியவருக்கன்றி, ஒரே இடத்தை இடைவிடாது கவனித்து எழுதிய பிள்ளைக்குப் பரிசளிக்கட்டும். வானில் சிறகு விரித்தும் மடக்கியும் பறப்பவற்றை அர்ரஹ்மானே தாங்கி நிற்கிறான் என்பதைக் கண்ணால் கண்டு உணரும் பேற்றை, அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக.